துக்கம் கேட்காத வீடு

ரஷ்வான் விடுதலையாகிறான் என்ற செய்தி ரதீபாவுக்கு மொட்டைமாடியில் வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை காலை. ரொட்டி மாவை வட்ட வட்டமாகத் தட்டி, வெயிலில் பொங்கட்டும் என்று வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு இன்ஸாஃப் தன் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, வெங்காய விலை சொல்வதுபோல் சொன்னாள்.

"உன் புருஷனைக் கொன்னவன் வியாழக்கிழமை வர்றானாம். பதினாலு வருஷம் முடிஞ்சுதாம்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அவன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாங்க. சுண்ணாம்பு வாசம் உனக்கு வரலையா?"

ரதீபா மாவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கை நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தட்டிய ரொட்டி எதுவும் வட்டமாக இல்லை.

அவள் கீழே இறங்கியபோது கொழுந்தன் தாஹி கோதுமைக் குதிருக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். சாக்கில் சுற்றிய துப்பாக்கி வெளியே வந்தது. அதைத் திண்டின்மேல் வைத்து, எண்ணெய்த் துணியால், குழந்தைக்குத் தலை துவட்டுகிற பக்குவத்தில் துடைத்தான். எதிரே அவள் மகன் பத்ரி உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயது. அஸ்யூத் நகரத்தில் குளிர்பதன எந்திர வேலை படித்து முடித்தவன். வடக்கே போர்ட் சயீது துறைமுகத்தில் மீன் வைக்கிற குளிர்கிடங்கில் வேலை உறுதியாகி, கடிதம் சட்டைப்பையில் இருந்தது. பதினைந்து நாளாக அந்தச் சட்டையை அவன் கழற்றவேயில்லை.

"இந்தா, உங்கப்பனோடது," என்று தாஹி துப்பாக்கியை அவன் மடியில் வைத்தான்.

"சித்தப்பா, ஞாயித்துக்கிழமை நான் வேலையில சேரணும்."

"சேரு. யாரு வேண்டாம்னா? இதை முடிச்சிட்டுப் போ."

"முடிச்சிட்டு எங்க போறது? போலீஸ் வண்டியிலதான் போகணும்."

"ஆம்பளைக்கு ஜெயிலும் ஒரு பள்ளிக்கூடம்தான்டா."

"நான் பள்ளிக்கூடம் முடிச்சிட்டேன் சித்தப்பா."

தாஹி சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை வரைக்கும் வாசப்படி தாண்டாதே. அவங்களுக்கும் தெரியும் நீ காத்திருக்கேன்னு. முந்திக்குவாங்க. கரும்புத் தோட்டத்துல எவன் ஒளிஞ்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

எங்கள் ஊரில் அரசாங்கம் கொடுக்கிற சிறை அரசாங்கத்தோடு போயிற்று. ரத்தத்துக்குப் பதில் வீட்டார் வாங்க வேண்டும். மகன் இருந்தால் மகன்தான் வாங்க வேண்டும். அதுவரை செத்தவனுக்குத் துக்கம் கேட்கக் கூடாது. ஆண்கள் வந்து உட்காருகிற தெருப்பக்கத்துக் கூடத்தைத் திறந்து நாற்காலி போடக் கூடாது, குர்ஆன் ஓத ஆள் வைக்கக் கூடாது, சர்க்கரையில்லாக் காப்பி காய்ச்சக் கூடாது. வந்தவன் கையைப் பிடித்து "மிச்ச ஆயுசு உங்களுக்குச் சேரட்டும்" என்று சொல்ல, வீட்டு ஆண்பிள்ளை "உங்க ஆயுசு நிலைக்கட்டும்" என்று பதில் சொல்லிவிட்டால் பழி அதோடு போயிற்று. பிறகு எவனாவது துப்பாக்கி எடுத்தால் ஊரே அவனுக்கு எதிரி. அதனால்தான் கொலை விழுந்த வீடுகளில் ஒருவன் கையையும் தொட மாட்டார்கள்.

ரதீபாவின் புருஷன் கீலானி செத்தது ஒரு மணி நேரத் தண்ணீருக்கு. வாய்க்கால் முறை யாருடையது என்பதில் தொடங்கிய பேச்சு. கீலானி மண்வெட்டியை ஓங்கினான், ரஷ்வான் சுட்டான். அன்றைக்குத் துக்கம் கேட்க வந்தவர்களை விரட்டியது தாஹி என்று ஊர் சொல்லும். அது பொய். தாஹி சுவரில் முட்டி முட்டி அழுதுகொண்டிருந்தான். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூடத்து வாசலில் நின்றவள் ரதீபா. "என் புருஷன் இன்னும் சாகல. ரஷ்வான் செத்த அன்னிக்கு வாங்க" என்று கத்தினாள். இருபத்தாறு வயது அவளுக்கு. ஊர் அவளை மெச்சியது. அந்த மெச்சலை நம்பி, ரத்தம் காய்ந்த அங்கியைத் துவைக்காமல் பெட்டியில் வைத்து, வருஷா வருஷம் ஐந்து வயதுக்காரனுக்கு, ஆறு வயதுக்காரனுக்கு, ஏழு வயதுக்காரனுக்கு எடுத்துக் காட்டினாள். தூங்க வைக்கிற பாட்டிலும் அதையே பாடினாள். சோற்றோடு சேர்த்து ஊட்டியது அவள்தான். இன்றைக்கு யாரைப் போய் நோவது?

அவள் கண்ணைத் திறந்தது பத்ரியின் ஒரு கேள்விதான். ஒன்பது வயதில், கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டான்: "யம்மா, நான் ரஷ்வானைச் சுட்டப்புறம், அவன் மகன் என்னை உடனே சுடுவானா, இல்ல எனக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளை பிறக்கிற வரைக்கும் பொறுப்பானா?" ரஷ்வான் மகனும் அவனும் ஒரே வகுப்பு. பயத்தில் கேட்கவில்லை. பெருநாள் எந்தக் கிழமை வருகிறது என்று கேட்பதுபோல் கேட்டான். அன்றிலிருந்து அவள் அங்கியை எடுத்துக் காட்டுவதை நிறுத்தினாள். ஆனால் தும்பை விட்டாயிற்று. இனி வாலைப் பிடித்து என்ன செய்ய? பெருநாளுக்கு அந்த வீட்டில் பலகாரம் சுடவில்லை, பதினான்கு வருஷமாக அவள் கறுப்பைக் கழற்றவில்லை. தாஹி கல்யாணமே வேண்டாமென்று சத்தியம் செய்து, நாற்பத்தாறு வயதில் நரைத்துப்போய் அண்ணன் மகனைத் தோளில் தூக்கி வளர்த்தான். மூன்று பேரும் ஒரே கயிற்றில் கட்டின மாடுகள். ஒன்று இழுத்தால் மற்றதற்குக் கழுத்து இறுகும்.

அன்று சாயங்காலம் தாஹிக்குச் சோறு வைக்கும்போது அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"தம்பி, துக்கம் வாங்கிட்டா என்ன?"

அவன் கவளம் வாயருகே நின்றது. "யாரு?"

"நாமதான். கூடத்தைத் திறந்து, ஷேக்கைக் கூப்பிட்டு..."

"அண்ணி, அன்னிக்குத் துடைப்பம் தூக்கினது யாரு? எனக்கு ஞாபகமிருக்கு. உங்களுக்கு மறந்துபோச்சா?"

"மறக்கல. அதனாலதான் கேக்கறேன்."

"பொம்பளைங்க வாங்கற துக்கம் செல்லாது. கூடத்துல நின்னு கை குடுக்க ஆம்பளை வேணும். நான் குடுக்க மாட்டேன். அவன் குடுக்கறதா இருந்தா முதல்ல என்னைப் புதைச்சிட்டுக் குடுக்கட்டும்." தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். வாசலில் நின்று, கோபம் இல்லாமல் சொன்னான்: "நான் என் வாழ்க்கையை இதுக்குத்தானே குடுத்தேன், அண்ணி? இப்ப வந்து வேண்டாம்னா நான் எங்க போறது?"

அவன் தள்ளிவிட்ட தட்டை அவள் மூடி வைத்தாள். அது நியாயமான கேள்வி என்று அவளுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை, முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஊருக்குக் குர்ஆன் ஓதுகிற ஷேக் ஸாவியின் வீட்டுக்குப் போனாள். அவர் வாத்துகளுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் கையிலிருந்த தானியம் முழுவதையும் ஒரே வாத்தின் தலையில் கொட்டிவிட்டார்.

"நாளைக்கா? பதினாலு வருஷத்துக்கு முந்திச் செத்தவனுக்கா?"

"தாஹி நாளைக்குப் பட்டணம் போறாரு. ரஷ்வானை எத்தனை மணிக்கு விடறாங்கன்னு கேட்டுட்டு வர. சாயங்கால அஸர் தொழுகைக்கு அப்புறம்தான் திரும்புவாரு."

"திரும்புவான்ல? அதைத்தாம்மா யோசிக்கிறேன். முதல்ல மைக்கைச் சுடுவான், அப்புறம் மைக்குக்குப் பின்னால இருக்கறவனை."

"ஷேக்கே, செத்தவனுக்கு ஓதறதுக்கு உயிரோட இருக்கறவன் அனுமதி வேணுமா?"

அவர் தாடியைத் தடவினார். "கூடத்துல யாரு கை குடுப்பா?"

"பத்ரி," என்றாள். அது இன்னும் பத்ரிக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னாள். அவன் துப்பாக்கியைப் பார்க்காமலிருக்க அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு வைத்திருந்தான்.

"வேண்டாம் யம்மா."

"போர்ட் சயீது வேண்டாமா?"

"வேணும். ஆனா நான் மட்டும் நின்னு கை குடுத்தா, அம்மா முந்தானையில ஒளிஞ்சான்னு சொல்லுவாங்க. இப்பவே கல்யாண வீட்டுல என்னைச் செருப்பு கழட்டற இடத்துலதான் உக்கார வைக்கிறாங்க. அதாவது பரவால்ல. சித்தப்பா முதுகுக்குப் பின்னாடி அவர் அண்ணன் ரத்தத்தை விட்டுக் குடுத்தேன்னா, நான் அவரைக் கொன்ன மாதிரி. ரஷ்வானைச் சுடறதும் இதுவும் ஒண்ணுதான்."

"அப்ப வியாழக்கிழமை போய்ச் சுடுவியா?"

அவன் போர்வையை இழுத்து, வெளியே தெரிந்த துப்பாக்கி முனையையும் மூடினான். பத்தொன்பது வயதுப் பிள்ளை அப்படி மூடுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு தாய் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்பை அவளே பெற்று, கொள்ளியையும் அவளே பற்ற வைத்திருக்கிறாள்.

"காப்பி ஊத்தறேன்," என்றான் கடைசியில். "வர்றவங்களுக்குக் காப்பி ஊத்தறேன். கை நீட்ட மாட்டேன்."

புதன்கிழமை தாஹி பட்டணத்து வண்டி ஏறியதும் அவள் பெட்டியைத் திறந்து அங்கியை எடுத்தாள். தண்ணீரில் ஊறப் போட்டாள். பதினான்கு வருஷத்துக் கறை; எவ்வளவு கசக்கியும் வெளுக்கவில்லை, பழுப்பாக மங்கியது. பிழிந்து மாடியில் காயப் போட்டாள். இன்ஸாஃப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தன் வீட்டு நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கைப்பிடிச் சுவர் வழியாகக் கொடுத்தாள். வாய் நீளம்தான், மனசும் நீளம்.

மதிய ளுஹர் தொழுகை முடிந்ததும் கூடத்தின் கதவைத் திறந்தாள். பூட்டு துருப்பிடித்து, பத்ரி சுத்தியலால் தட்ட வேண்டியதாயிற்று. ஷேக் ஸாவி வந்து ஓத ஆரம்பித்தார். ஒலிபெருக்கி சத்தம் கரும்புத் தோட்டம் தாண்டிப் போயிற்று.

ஊர் பதறிப்போய் ஓடி வந்தது. "யாரு? யாரு செத்தது?" "கீலானி." "எந்தக் கீலானி?" "ரதீபா புருஷன் கீலானி." கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் குர்ஆன் ஓதுகிற இடத்திலிருந்து முதுகைக் காட்டித் திரும்ப எங்கள் ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார்கள், உட்கார்ந்தார்கள், பத்ரி ஊற்றிய கசப்புக் காப்பியைக் குடித்தார்கள். குடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள்.

வீட்டுக்குள்ளிருந்து கூடத்துக்குப் போகும் கதவின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு ரதீபா நின்றாள். கூடம் நிறைந்துவிட்டது. வாசலருகே துக்கம் வாங்குகிறவர் நிற்க வேண்டிய இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. ஹாஜ் ஹஸனைன், ஊரிலேயே மூத்தவர், தடியை ஊன்றிக்கொண்டு பத்ரியைக் கூப்பிட்டார்.

"தம்பி, கையைக் குடுடா. மிச்ச ஆயுசு..."

"காப்பி இன்னும் வேணுமா தாத்தா?" என்று பத்ரி கெட்டிலை நீட்டினான். கை முழுக்கக் கெட்டில். கொடுக்கக் கை இல்லை.

கிழவர் புரிந்துகொண்டு உட்கார்ந்தார். ஓரத்தில் இருந்த ஒருவன் எழுந்தான். இன்னொருவன் எழுந்தான். "கை குடுக்க ஆளில்லாத துக்கம் என்ன துக்கம்?" என்று ஒருவன் முணுமுணுத்தது ரதீபாவுக்குக் கேட்டது. அவ்வளவுதான், போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்கு இந்தப் பிள்ளை துப்பாக்கியோடு போவான். கதவு இடுக்கில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். பத்ரி காலிக் கெட்டிலோடு சமையலறைக்குப் போனான்.

அப்போதுதான் தெருமுனையில் தாஹி வண்டியிலிருந்து இறங்கினான்.

தன் வீட்டிலிருந்து குர்ஆன் சத்தம். வாசலெல்லாம் செருப்பு. முந்திக்கொண்டார்கள் என்று அவன் நினைத்தான். வேறென்ன நினைப்பான்? இரண்டு நாளாக அவனே சொல்லிக்கொண்டிருந்ததுதானே. ஓடி வந்தான். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்கியது, ஒரு காலில்தான் செருப்பு. கூடத்து வாசலில் நின்று முகம் முகமாகத் தேடினான். பத்ரி இல்லை. முட்டி மடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்ட இடம், துக்கம் வாங்குகிறவர் நிற்கிற இடம்.

ஹாஜ் ஹஸனைன் எழுந்தார். தொண்ணூறு வயதுக்காரர் அவ்வளவு வேகமாக எழுந்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம். தாஹி வாயைத் திறப்பதற்குள் அவன் கையைப் பிடித்தார்.

"மிச்ச ஆயுசு உனக்குச் சேரட்டும், தாஹி."

"உங்க... உங்க ஆயுசு நிலைக்கட்டும்," என்றது தாஹியின் வாய். எத்தனையோ துக்க வீடுகளில் அவன் காது கேட்டுக் கேட்டுப் பழகிய பதில். நெஞ்சு செத்துப்போனாலும் நாக்கு மறக்கவில்லை.

கிழவருக்குப் பின்னால் அடுத்தவன். அவனுக்குப் பின்னால் அடுத்தவன். ஒருவரும் பொய் சொல்லவில்லை. யார் செத்தது என்று யாரும் சொல்லவும் இல்லை. தாஹி ஒவ்வொரு கையையும் வாங்கினான், ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னான். கண்ணீர் தாடியில் இறங்கி அங்கியில் சொட்டியது, அவன் துடைக்கவில்லை. கதவு இடுக்கில் ரதீபா எண்ணினாள். இருபது. முப்பது. நாற்பதாவது ஆளின் கையை அவன் பிடித்திருக்கும்போது, பத்ரி புதுக் காப்பியோடு கூடத்துக்குள் வந்தான்.

தாஹி அவனைப் பார்த்தான். ஷேக் ஓதுவதை நிறுத்திவிட்டார்.

"சித்தப்பா," என்றான் பத்ரி, "காப்பி."

தாஹி பாய்ந்து அவனைப் பிடித்தான். கெட்டில் விழுந்து பாயெல்லாம் காப்பி. அவன் மார்பை, விலாவை, முதுகைத் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு கைக்குழந்தையை முகர்வதுபோல் அவன் தலையை முகர்ந்தான். கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அப்ப யாரு?" என்றான் தாஹி. "யாருக்குத் துக்கம்?"

"உங்கண்ணன் கீலானிக்கு," என்றார் ஹாஜ் ஹஸனைன். "பாவம், ரொம்ப நாளாக் காத்துக்கிட்டிருக்கான்."

தாஹியின் முகம் மாறியதை ரதீபா பார்த்தாள். நேராக உள்கதவுக்கு வந்தான். அவள் பூட்டவில்லை, தானே திறந்து எதிரே நின்றாள். அடி விழும் என்றுதான் நினைத்தாள். விழட்டும் என்றும் நினைத்தாள்.

"என்னை ஏமாத்திட்டே, ரதீபா." அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நான் ஒரு பொய்யும் சொல்லல."

"நான் பத்ரின்னு நினைச்சேன். பத்ரியைக் கொன்னுட்டாங்கன்னு நினைச்சேன்."

"நினைச்சுட்டு என்ன செஞ்சீங்க தம்பி?" அவள் கூடத்தைக் கைகாட்டினாள். "உங்க பிள்ளையைக் கொன்னுட்டாங்கன்னு நினைச்சுட்டு, நாப்பது பேர் கையை வாங்கினீங்க. ஒருத்தரையாவது துடைப்பத்தால விரட்டினீங்களா? பழி வாங்கிட்டு வர்றேன், அப்புறம் வாங்கன்னு சொன்னீங்களா?"

தாஹி மூடினான். கூடத்தைத் திரும்பிப் பார்த்தான்; நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஞாபகம் வரல," என்றான், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல். "முட்டி மடங்கிடுச்சு. இனிமே யாரைத் தோள்ல தூக்கறதுன்னு தோணுச்சு. பழி கிழி ஒண்ணும் ஞாபகம் வரல, அண்ணி."

பிறகு அவிழ்ந்த தலைப்பாகையை எடுத்து, மெதுவாக, முறையாகச் சுற்றிக்கொண்டான். எழுந்து நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டு, கூடத்துக்கே கேட்கிற குரலில் சொன்னான்:

"அண்ணன் போயிட்டாரு. மிச்ச ஆயுசு உங்களுக்குச் சேரட்டும், அண்ணி."

இத்தனையும் ஏற்பாடு செய்தவள் அவள்தான். பதில் அவளுக்குத் தெரியாததா? ஆனால் இந்த வார்த்தையை அவளிடம் யாரும் சொல்ல அவள் இதுவரை விட்டதில்லை. கீலானி செத்துவிட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, இருபத்தாறு வயதில் அழ வேண்டியதை நாற்பது வயதில், ஊரே கேட்கக் கேட்க அழுதாள். இன்ஸாஃப் வந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தாஹி நகரவில்லை. பதில் வருகிறவரை தலை குனிந்து காத்துக்கொண்டு நின்றான்.

"உங்க ஆயுசு நிலைக்கட்டும், தம்பி," என்றாள் அவள்.

தாஹி கூடத்துக்குத் திரும்பினான். வாசலில் புதிதாக நாலைந்து பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டு தயங்கி நின்றார்கள். அவன் தன் இடத்தில் போய் நின்று, பத்ரியைத் தோளைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான்.

"கெட்டிலை அப்புறம் பொறுக்கலாம். உங்கப்பனுக்கு வந்திருக்காங்க, கையைக் குடு."

பத்ரி கை நீட்டினான்.